தும்பி சொன்னது மட்டும்

பள்ளிக்கூடத்தின் காத்திருக்கும் இடத்தில் பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை. குழந்தைகளின் நாற்காலி ஒன்றில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தும்பி. அதற்கும் பக்கத்தில் டீச்சரக்கா, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு.

தும்பிக்கு ஆறு வயது. உண்மைப் பெயர் வேறு. ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்று அப்பா வைத்த பெயர் இது.

அம்மா அவளுடைய சட்டையின் இடது கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

"இந்த வெயில்ல எதுக்கு முழுக்கை?" என்றாள் டீச்சரக்கா.

"தடம் தெரியுதுக்கா."

"இன்னுமா கடிக்கிறாங்க?"

முழங்கைக்குக் கீழே பல் பதிந்திருந்தது. பழைய தடம் மஞ்சளாகிவிட்டது. அதன்மேல் புதியது, ஊதா நிறத்தில்.

"யாருன்னு கேட்டியா?"

"தினமும் கேக்கறேன்."

"என்ன சொல்றா?"

யாரு கடிச்சா என்று கேட்டால் தும்பி வாயைத் திறப்பாள். 'அது' என்பாள். பிறகு 'கை' என்பாள். பிறகு கண் அங்குமிங்கும் அலையும். வாய் திறந்தே இருக்கும். ஒன்றும் வராது. அம்மா விடமாட்டாள். குளிப்பாட்டும்போது கேட்பாள். தலை வாரும்போது கேட்பாள். வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, இவனா, இவளா என்று கேட்பாள். தும்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

கேட்டதெல்லாம் தமிழில்தான். வீட்டில் வேறு பேச்சு கிடையாது.

பள்ளியில் புகார் செய்தாள். அப்படி எதையும் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். உங்கள் பெண் சொல்லட்டும், விசாரிக்கிறோம் என்றார்கள்.

போன வருஷமும் ஒருவர் வந்து தும்பியைச் சோதித்தார். எல்லாம் இங்கிலீஷில். கடைசியில், இங்கிலீஷ் இவளுக்குப் புதுசு, போகப் போக வரும், காத்திருங்கள் என்றார். அம்மா காத்திருந்தாள். இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. தமிழும் வரவில்லை என்பதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அம்மா பேசுகிற பேச்சு பிள்ளைக்கு எப்படி வராமல் போகும் என்றார்கள்.

இந்த வருஷம் வேறொரு பெண்மணி வருகிறார். இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் பார்ப்பாராம். இங்கிலீஷில் மட்டும் தடுமாற்றம் என்றால் காத்திருக்கச் சொல்வார். இரண்டிலும் என்றால் உதவி உண்டு. வாராவாரம் ஒருவர் வந்து தும்பியோடு உட்காருவார். சோதிக்கும் பெண்மணி பள்ளிக்கு வருவது வருஷத்தில் ஒரு முறை. அடுத்த வருஷம் தும்பிக்கு ஏழு முடிந்திருக்கும்; ஏழு முடிந்த பிள்ளைகளுக்கு வேறு காத்திருப்பு வரிசை. அது எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா, அவ என்ன சொல்றாளோ அதை மட்டும் சொல்லுங்க."

"பின்ன என் சொந்தக் கதையா சொல்லப்போறேன்?"

"கூட்டிச் சொல்லிடாதீங்க."

"இங்க பாரு." டீச்சரக்கா குரலைத் தாழ்த்தினாள். "கோர்ட்டு, ஆஸ்பத்திரி, வீட்டு ஓனரோட தகராறு, எதுக்கு எதுக்கோ நான் கூடப் போயிருக்கேன். நான் போன கேஸு ஒண்ணுகூடத் தோத்ததில்ல."

"இது கேஸு இல்லக்கா."

"எல்லாம் கேஸுதான்."

"இதுல அவ பாஸாகக் கூடாது."

டீச்சரக்கா தலையைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்த பிள்ளை ஃபெயிலாகணும்னு வேண்டிக்கற அம்மாவை இப்பத்தான் பாக்கறேன். முதல்ல வாயைக் கழுவு."

டீச்சரக்கா முன்பு இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த வேலை கிடைக்கவில்லை. மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை கிடைத்தது. தெரிந்த குடும்பங்களில் எல்லோருக்கும் அவள் டீச்சரக்காதான். வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தவர்களும், ஆஸ்பத்திரியில் வாய் திறக்கத் தெரியாதவர்களும் அவளைத்தான் தேடிப் போவார்கள். அவர்கள் திக்கித் திணறிச் சொன்னதை அவள் வாங்கி, நிமிர்த்தி, இங்கிலீஷில் வைப்பாள். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையசைப்பார்கள்.

அப்பா உள்ளே வரவில்லை. பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிற வேலை அவருக்கு. ஈரமான பூட்ஸோடு பள்ளிக்குள் வரக்கூடாது என்று வெளிக் கதவருகே நின்றுவிட்டார். அது சாக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். காலையில்தான் பேச்சு முற்றியது.

"நான்கூட நாலு வயசு வரைக்கும் பேசலையாம். இப்ப என்ன கெட்டுப் போச்சு?"

"இப்பவும் பேசறதில்லையே நீங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒரு தடவை முத்திரை குத்திட்டா அழியாது. நாளைக்கு இவ பேசினாலும் ஊமைன்னுதான் சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்க?"

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. உயரமான பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அவர் டாக்டர் இல்லை. ஆனால் பெற்றோர்கள் அவரைப் பேச்சு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். குனிந்து தும்பியின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து ஏதோ சொன்னார். தும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்நியர்களிடம் பயம் இல்லாத பிள்ளை. பேச்சைத் தவிர எதற்கும் பயம் இல்லை.

அது விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறை. வலைக்குள் பந்துகள் தொங்கின. சுருட்டிய மெத்தையிலிருந்து ரப்பர் வாசனை வந்தது. நடுவில் ஒரு தாழ்ந்த மேசை, தரையில் விரிப்பு. பின்னாலேயே வந்த அம்மாவும் டீச்சரக்காவும் விரிப்பை ஒட்டியிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேச்சு டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மரக் கட்டைகள் நிறைந்த பெட்டி ஒன்றைத் தும்பியின் பக்கம் தள்ளினார்.

முதலில் இங்கிலீஷ். படங்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் கேட்டார். தும்பி விரலால் தொட்டுக் காட்டினாள். நாய், பந்து, அழுகிற குழந்தை, மேசைக்கு அடியில் இருக்கும் தொப்பி. ஒன்றுகூடத் தவறவில்லை.

"பாத்தியா, அத்தனையும் ரைட்டு," என்று டீச்சரக்கா அம்மாவின் விலாவில் இடித்தாள்.

அம்மாவுக்குத் தெரியும். தும்பிக்கு எல்லாம் புரியும். ஈரத் துணி எங்கே, சாவி எங்கே, அப்பா கோபமாக இருக்கிறாரா, எல்லாம் புரியும். உள்ளே போவதற்குத் தடையில்லை. வெளியே வரத்தான் வழியில்லை.

பிறகு சொல்லச் சொன்னார். 'டாக்' என்றாள் தும்பி. 'பால்' என்றாள். அவ்வளவுதான். அடுத்த படத்துக்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேச்சு டாக்டர் எழுதிக்கொண்டார். இங்கிலீஷ் அல்லவா, இப்படித்தான் இருக்கும் என்பதுபோல் அவர் முகம் சாதாரணமாக இருந்தது. போன வருஷம் வந்தவரின் முகமும் இப்படித்தான் இருந்தது.

இப்போது தமிழ். அவர் டீச்சரக்காவிடம் நிதானமாகப் பேசினார். அம்மாவுக்கு நடுவில் ஒரு சொல் பிடிபட்டது: ஒன்லி. டீச்சரக்கா 'யெஸ், யெஸ்' என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"பாதி சொன்னா பாதி, தப்பா சொன்னா தப்பு, அப்படியே சொல்லணுமாம். எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க."

பேச்சு டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். எழுத்தே இல்லாத படப் புத்தகம். சேற்றில் புரண்ட நாய்க்குட்டி. அதைத் தொட்டித் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போகும் பெண். குட்டி நழுவி, ஓடி, வீடெல்லாம் சேறு. வாசலில் துண்டோடு நிற்கும் அம்மா.

"சொல்லுடா கண்ணு. இந்தப் படத்துல என்ன நடக்குது?" என்றாள் டீச்சரக்கா. குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது.

தும்பி படத்தையே பார்த்தாள்.

"நாய்," என்றாள். பக்கத்தைத் தடவினாள். "நாய்... அது... தண்ணி."

டீச்சரக்கா பேச்சு டாக்டரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே போனாள். வாக்கியம் ஏறியது, வளைந்தது, இறங்கி அழகாக நின்றது. பேச்சு டாக்டரின் புருவம் உயர்ந்தது. எழுதினார்.

அம்மா டீச்சரக்காவைப் பார்த்தாள்.

"அடுத்தது. நாய்க்குட்டி ஏன்டா ஓடுது?"

தும்பி வாயைத் திறந்தாள். மூடினாள். "ஓடு," என்றாள்.

டீச்சரக்கா மறுபடி சொன்னாள். இந்த முறை 'பிக்காஸ்' என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குத் தாமதமாகப் போனால் மேற்பார்வையாளன் கேட்பான். பிக்காஸ், பிக்காஸ் என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள். தும்பி வாயிலிருந்து எதற்கும் காரணம் வந்ததில்லை. ஏன் அழுகிறாள், ஏன் சாப்பிடவில்லை, ஏன் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றுக்கும்.

"அக்கா, அவ அப்படிச் சொல்லல."

"அர்த்தம் அதுதானே? குளிக்கப் பயந்துதானே ஓடுது? மனசுல இருக்கு, வாய்ல வரல. அதைத்தான் நான் சொல்றேன்."

"மனசுல இருக்கறது வேண்டாம்க்கா. வாய்ல வந்தது போதும்."

பேச்சு டாக்டர் இருவரையும் பார்த்தார். டீச்சரக்கா சிரித்தபடி அவரிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, கவலை வேண்டாம் என்பதுபோல் கனிவாகத் தலையசைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"நீ பதட்டமா இருக்கேன்னு சொன்னேன். பொய்யா?"

அந்தப் பெண்மணி எட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரிடம் போக இருந்தது ஒரே கதவு. அந்தக் கதவு டீச்சரக்கா.

அவளே பேசிப் பார்த்தாள்.

"ஷி," என்றாள். "நோ. ஷி... நாட்..."

மேலே வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்தே இருந்தது. பேச்சு டாக்டர் காத்திருந்தார். சற்று முன் தும்பியைப் பார்த்துக் காத்திருந்தாரே, அதே முகத்தோடு. அம்மா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை 'நாட்' என்றாள்.

டீச்சரக்கா அவளுடைய வாக்கியத்தையும் எடுத்துச் சரியாக முடித்துவைத்தாள்.

பேச்சு டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். தும்பி ஒரு சொல் சொன்னாள். டீச்சரக்கா ஒரு கதை சொன்னாள். இன்னொரு பக்கம். தும்பி 'அம்மா' என்றாள், வாசலில் துண்டோடு நிற்கும் படத்தைப் பார்த்து. டீச்சரக்கா அதையும் நீட்டினாள். பேச்சு டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. 'குட்' என்றார். மறுபடி 'குட், வெரி குட்' என்றார். தமிழில் இத்தனை நன்றாகப் பேசுகிற பிள்ளை. இங்கிலீஷ்தான் புதுசு. போகப் போக வரும்.

அவர் புத்தகத்தை மூடப் போனார்.

அம்மா வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் ஆலையில். சூடான உருளைகளுக்கு நடுவே போர்வை கோணலாகப் போய்விட்டால் யாராவது கத்த வேண்டும். இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி ஒரே ஒரு சொல். அங்கே கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் அது.

"ஸ்டாப்!"

சின்ன அறையில் அது எங்கும் மோதியது. தும்பி காதைப் பொத்திக்கொண்டாள். டீச்சரக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு?"

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டாள். கட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கட்டையை எடுத்து விரிப்பில் வைத்தாள். "நாய்," என்றாள். இன்னொன்று. "அது." இன்னொன்று. "தண்ணி." மூன்றையும் தொட்டுக் காட்டிவிட்டு, மகளின் தலையில் கை வைத்தாள்.

பிறகு டீச்சரக்காவின் முழங்காலைத் தொட்டாள். கட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். ஒன்றை ஒட்டி ஒன்று. வரிசை விரிப்பைத் தாண்டியது. சிமென்ட் தரையில் போனது. பெட்டியில் கட்டை தீர்ந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்தாள். இன்னொரு செருப்பையும் வைத்தாள்.

பேச்சு டாக்டர் மூன்று கட்டைகளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கடைசியில் இருந்த செருப்புகள் வரை பார்த்தார். பிறகு டீச்சரக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்வி.

டீச்சரக்காவின் கழுத்து சிவந்தது. தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். பேச்சு டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். அது முடிந்ததும் தான் எழுதியிருந்த பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"சந்தோஷமா?" டீச்சரக்கா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "வேலி மாதிரி கட்டை அடுக்கி என் மானத்தை வாங்கிட்டே."

"மன்னிச்சிருங்கக்கா."

"நல்லா இருக்கட்டும்னுதானே சொன்னேன். இத்தனை வருஷம் யாராவது ஒருத்தர் வந்து ஏன் நல்லாச் சொன்னேன்னு கேட்டிருப்பாங்களா?"

பேச்சு டாக்டர் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தும்பியிடம் கட்டைகளைக் காட்டிக் கண்ணடித்தார். தும்பி சிரித்தாள்.

மறுபடி தொடங்கியது.

"நாய்," என்றாள் தும்பி.

"டாக்," என்றாள் டீச்சரக்கா.

"அது... தண்ணி."

"தட்." டீச்சரக்கா நிறுத்தினாள். "வாட்டர்."

இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த வாய். அந்த ஒற்றைச் சொற்களை அவள் கூழாங்கல் துப்புவதுபோல் வெளியே விட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் சுருங்கியது. பக்கங்கள் திரும்பின. நிறைய மௌனம் இருந்தது. பேச்சு டாக்டர் மௌனத்தையும் எழுதிக்கொள்வதுபோல் தெரிந்தது. இப்போது அவர் 'குட்' என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததைக் கேட்டு அம்மாவுக்கு மூச்சு வந்தது.

புத்தகம் முடிந்தது. பேச்சு டாக்டர் ஏதோ கேட்டார்.

"புத்தகத்துல இல்லாதது எதாவது சொல்லச் சொல்றாங்க," என்றாள் டீச்சரக்கா. "அவளுக்கு நடந்தது. நேத்தோ முந்தாநேத்தோ. என்ன கேக்கட்டும்?"

அம்மா தும்பியின் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"கையைக் கேளுங்கக்கா. யாரு கடிச்சான்னு கேளுங்க."

டீச்சரக்கா முதலில் அதைப் பேச்சு டாக்டருக்குச் சொன்னாள். அவர் யோசித்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

"கண்ணு," என்றாள் டீச்சரக்கா. வகுப்பறைக் குரல் போய்விட்டிருந்தது. "உன் கையை யாருடா கடிச்சா?"

தும்பி கையில் எடுத்திருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"அது," என்றாள்.

"தட்."

எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் முடித்துவைக்கவில்லை. வலைக்குள் பந்துகள் அசையாமல் தொங்கின.

"கை."

"ஹேண்ட்."

தும்பியின் கண்கள் அலைந்தன. வாய் திறந்தே இருந்தது. நாக்கு அசைந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. முகம் சிவந்துகொண்டே வந்தது. அம்மா முன்னால் குனிந்தாள். இதோ, இப்போது, ஒரு பெயர். ஒரே ஒரு பெயர்.

தும்பி சட்டைக் கையைப் பல்லால் மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே, ஊதா நிறத் தடத்தின் மேல் வாயை வைத்தாள். கடித்தாள்.

பேச்சு டாக்டர் கத்தவில்லை. பிடித்து இழுக்கவும் இல்லை. தன் கையைத் தட்டையாக நீட்டி, தும்பியின் வாய்க்கும் கைக்கும் நடுவில் நுழைத்தார். பல் அவர் கையில் பதிந்தது. அப்படியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தாடை தளர்ந்தது. தும்பி வாயை எடுத்துவிட்டு, மறுபடி கட்டையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா தரையிலேயே இருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்று பள்ளியில் சொன்னது பொய்யில்லை. குளிப்பாட்டும்போது கேட்டது. தலை வாரும்போது கேட்டது. இவனா, இவளா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டது. கேட்டுவிட்டு, பதில் வராமல், விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனது. மறுநாள் புதுத் தடம் இருந்தது. பள்ளிக்குப் போகும் முன்பே இருந்ததா? அவள் பார்க்கவில்லை. எப்போதும் மாலையில்தான் பார்த்தாள்.

பேச்சு டாக்டர் பேசினார். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை நிறுத்தி, டீச்சரக்காவைப் பார்த்தார். டீச்சரக்கா ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தாள். சுருதி இல்லாமல்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு. இங்கிலீஷ் காரணம் இல்ல. காத்திருந்தா சரியாகாது. இன்னும் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாப்பாங்க. ஆனா உதவிக்கு அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே எழுதிக் குடுக்கறாங்க."

அம்மா தலையசைத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது.

பேச்சு டாக்டர் தொடர்ந்தார். டீச்சரக்கா இந்த முறை உடனே சொல்லவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"இதை விட்டுடட்டுமா?"

"விடாதீங்க."

"கொஞ்சம் மாத்தி வேணா..."

"அப்படியே சொல்லுங்கக்கா."

"நிறைய வருஷம் ஆகும்." டீச்சரக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மத்தப் பிள்ளைங்க மாதிரி பேசுவாளான்னு இப்ப சொல்ல முடியாது. பேசாமலும் போகலாம். கடிச்சுக்கறது இன்னும் ஜாஸ்தியாகலாம்."

அவ்வளவுதான். கூட ஒரு சொல் இல்லை. முன்பு எந்தக் குடும்பத்திடமும் எந்தக் கெட்ட செய்தியையும் டீச்சரக்கா இப்படி வெறுமையாகக் கொண்டுவந்து வைத்ததில்லை. அம்மா இன்னும் ஏதாவது வருமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

பேச்சு டாக்டர் தன் கையைத் தேய்த்துக்கொண்டார். பல் வரிசை சிவப்பாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அம்மாவின் செருப்புகளை வரிசையிலிருந்து எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

பள்ளித் தாழ்வாரத்தில் டீச்சரக்கா முன்னால் நடந்தாள். கதவருகே நின்றாள்.

"நான் சொன்னதை நம்பி அவங்க எழுதிட்டுப் போயிருந்தா..." அதை அவள் முடிக்கவில்லை. பிறகு, "நல்லதுக்குத்தான் பண்ணேன்," என்றாள்.

"தெரியும்க்கா."

"வீட்டுக்கு வரப்ப நானும் வரட்டுமா?"

"தும்பி சொன்னதை மட்டும் சொல்வீங்கன்னா வாங்க."

டீச்சரக்கா யோசித்தாள். "அது எனக்குக் கஷ்டம்," என்றாள். குனிந்து தும்பியின் கன்னத்தைத் தொட்டாள். எதுவும் கேட்கவில்லை. போய்விட்டாள்.

அப்பா வெளிக் கதவருகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். காற்சட்டையின் கீழ்ப் பகுதி முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"பாஸா?"

"உதவி தராங்க."

அவர் முகம் விழுந்தது. அப்படியென்றால் என்ன என்று அவருக்குப் புரிந்தது.

"கடிச்சது யாருன்னும் தெரிஞ்சுது," என்றாள் அம்மா.

"யாரு?" அவர் கை முஷ்டியானது. பள்ளியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார். ஈர பூட்ஸ் இனி தடையில்லை. "எந்தப் பிள்ளை? பேரைச் சொல்லு. அவங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அம்மா தும்பியைப் பார்த்தாள்.

அம்மா பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முஷ்டி மெல்லப் பிரிந்தது.

"அவளேவா?"

தெருவில் ஒரு பேருந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அப்பா நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தும்பியின் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அவர் குரல் அம்மா இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது.

"ஏன்டா கண்ணு? ஏன்டா கடிச்சுக்கிட்டே? வலிக்கலையா? அப்பாகிட்ட சொல்லு. ஏன்?"

தும்பி அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அது," என்றாள்.

"சொல்லு, சொல்லு."

"கேக்காதீங்க," என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம் இரு. சொல்லப் போறா. சொல்லுடா."

தும்பியின் கண்கள் அலையத் தொடங்கின. இடது கை மேலே ஏறியது. அம்மா குனிந்து, தன் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி நடுவில் வைத்தாள். பல் இறங்கியது. கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அம்மா கையை எடுக்கவில்லை.